முல்லை பூத்துவிட்டது, ஆள் எங்கே?

கொடிமுல்லை | ஏப்ரல் 14, இரவு 9:12

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பேச்சு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "முல்லை என்றாலே ஏக்கம்தான், அந்த வாசனையே அப்படி" என்றார். எனக்கு ஒப்பவில்லை. வாசனையில்தான் ஏக்கம் என்றால் பூக்கடைக்காரர்கள் எல்லாரும் அழுதுகொண்டே அல்லவா வியாபாரம் பார்க்க வேண்டும்?

என் எண்ணத்தைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். சங்கப் பாட்டில் முல்லை ஏக்கத்துக்கு அடையாளமாக வரவில்லை. அது ஒரு தவணை. கிளம்பிப் போனவன், "கார்காலம் தொடங்கியதும் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கார் வந்ததா என்று அவள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்? சுவரில் நாள்காட்டியா தொங்குகிறது? முல்லை பூத்ததா, கொன்றை பூத்ததா, பிடவம் பூத்ததா என்று பார்க்கிறாள். பூத்துவிட்டது. தேர் வரும் மணிச்சத்தம் மட்டும் கேட்கவில்லை. பூ என்ன பாவம் செய்தது, அவன் சொன்ன சொல் அல்லவா வலிக்கிறது!

இன்னொன்றும் உண்டு. முல்லைத் திணைக்குப் பெரும்பொழுது கார், அதாவது ஆவணியும் புரட்டாசியும். சிறுபொழுது மாலை. முல்லை மலர்வதும் மாலையில்தான். ஆண்டுக் கடிகாரமும் நாள் கடிகாரமும் ஒரே பூவில் சேர்ந்து அடிக்கின்றன. காத்திருப்பவளுக்கு இதைவிடக் கொடுமை வேறு வேண்டுமா?

உங்கள் வீட்டிலோ ஊரிலோ பூவை வைத்து நாளையோ நேரத்தையோ கணக்குப் பார்த்த வழக்கம் இருந்தால் எழுதுங்கள்.

---

நார்க்கட்டு | ஏப்ரல் 14, இரவு 10:40

அழுதுகொண்டுதான் வியாபாரம் பார்க்கிறோம் அண்ணே, விலையைப் பார்த்து.

மதுரைதான். தாத்தா காலத்திலிருந்து பூ. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நாங்கள் 'பூ' என்று வாங்குவது பூவே இல்லை, அரும்பு. வாய் திறந்த பூவைக் கொண்டுவந்தால் தரகர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். விடியும் முன்பே செடியிலிருந்து பறிக்க வேண்டும், நன்றாக முற்றியிருக்க வேண்டும், ஆனால் மூடியே இருக்க வேண்டும். காலையில் கையில் எடுத்தால் அரிசி மாதிரி கெட்டியாக இருக்கும். மதியம் ஈரத்துணி போட்டு மூடி வைப்போம். சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்குக் கூடைக்குள் அதுவாகவே நெகிழ ஆரம்பிக்கும். ஏழு மணிக்குக் கடை முழுக்க வாசம். எங்கள் கடைக் கடிகாரம் நின்று மூன்று வருடம் ஆகிறது, யாரும் கவலைப்படவில்லை.

வாங்க வருபவர்களுக்கு இது தெரியாது. "பூ ஏன் மலராமல் இருக்கிறது, பழசா?" என்று கேட்பார்கள். அக்கா, இப்போது கட்டிக்கொண்டு போனால் ராத்திரி உங்கள் தலையில் மலரும் என்று சொல்லி அனுப்புவோம்.

மார்கழி, தை வந்தால் குளிருக்கு அரும்பு சிறுத்துப்போகும், வரத்து குறையும். அப்போது கேட்காதீர்கள் விலையை.

---

பழைய வாத்தியார் | ஏப்ரல் 15, காலை 6:05

நார்க்கட்டு தம்பி சொன்னதை அப்படியே நக்கீரர் நெடுநல்வாடையில் எழுதி வைத்திருக்கிறார். நல்ல குளிர்காலம், விடாத தூறல், வானம் முழுக்க மேகம். சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. பகலா மாலையா என்று எப்படி அறிவது? பெண்கள் தட்டில் பறித்துப் போட்டு வைத்திருந்த பித்திகத்து அரும்புகள் இதழ் விரிந்து மணக்கின்றன. "அவ்விதழ் அவிழ்பதம் கமழ, பொழுது அறிந்து" இரும்பு விளக்கில் ஈரத்திரியைக் கொளுத்துகிறார்கள். நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள்.

முப்பத்தைந்து வருடம் வகுப்பில் இந்த வரியை நடத்தினேன். 'அழகான வருணனை' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அது வருணனை அல்ல, செய்தி என்று எனக்கே ஒருநாள் பூக்கடை வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. வீட்டுக்குள் அரசி கணவனை நினைத்துக் கண்ணீரோடு கிடக்கிறாள், வெளியே பெண்கள் பூவைப் பார்த்து மணி சொல்கிறார்கள்.

குறளிலும் உண்டு, பொழுதுகண்டு இரங்கலில்:

காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி
மாலை மலரும்இந் நோய்.

அரும்பு, போது, மலர். மூன்றும் வேறு வேறு. போது என்றால் மலரும் பருவத்து மொட்டு. பொழுதுக்கும் 'போது' என்றே ஒரு சொல் இருக்கிறது. வள்ளுவர் அதைத் தெரியாமலா அங்கே வைத்திருப்பார்?

---

நார்க்கட்டு | ஏப்ரல் 15, காலை 11:30

ஐயா, பித்திகம் என்றால் பிச்சிப்பூ தானே? சிலர் ஜாதிமல்லி என்பார்கள். அதன் அரும்பு முதுகில் இளஞ்சிவப்பு ஓடும். பார்த்தவுடன் மல்லியிலிருந்து பிரித்துவிடலாம்.

---

பழைய வாத்தியார் | ஏப்ரல் 15, மாலை 4:15

அதே பிச்சிதான். குறுந்தொகை 94-இல் அந்தச் சிவப்பும் வருகிறது. மழைக்காலம் சரியாகத் தொடங்கும் முன்பே பித்திகத்து அரும்பு "மிகச் சிவந்தனவே" என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள். அதை 'பேதைப் பித்திகம்' என்கிறாள். அவசரப்பட்டு அரும்பு விட்ட முட்டாள் செடி! உங்கள் கண்ணும் அந்தப் புலவரின் கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்திருக்கின்றன தம்பி.

---

மரம்பார்ப்பவன் | ஏப்ரல் 16, இரவு 8:50

எல்லாம் சரி. முல்லை, பிச்சி பற்றி எனக்கு வழக்கில்லை. கொன்றை விஷயத்தில்தான் இடிக்கிறது.

இப்போது சித்திரை. வெளியே போய்ப் பாருங்கள். கோவையில் எங்கள் தெருவில் சரக்கொன்றை இலையைக் காணோம், ஒரே மஞ்சள். கேரளத்தில் நேற்று முன்தினம்தான் விஷுவுக்குக் கனி வைத்தார்கள், கொன்றைப்பூ இல்லாமல் விஷுக்கனி கிடையாது. அதாவது கொன்றை பூப்பது கோடையில். சங்கப் புலவர்களோ கார்காலம் வந்ததற்கு அடையாளமாகக் கொன்றையைச் சொல்கிறார்கள். கொடிமுல்லை சொல்கிற 'கடிகாரம்' நான்கு மாதம் தப்பு. இந்தக் கடிகாரத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன?

இலக்கியவாதிகள் மரத்தைப் பார்ப்பதில்லை என்பது என் பொதுவான குறை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

---

பழைய வாத்தியார் | ஏப்ரல் 17, காலை 5:50

கோபம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியை அந்தப் பெண்ணே கேட்டிருக்கிறாள்.

குறுந்தொகை 21, ஓதலாந்தையார் பாட்டு. காடெல்லாம் புதுக்கொன்றை. பொன் நகை பூட்டிய பெண்களின் கூந்தல் போல் தொங்குகிறது. எல்லாரும் 'கார் வந்துவிட்டது' என்கிறார்கள். தலைவி சொல்கிறாள்:

கானம், கார்எனக் கூறினும்,
யானோ தேறேன்; அவர்பொய் வழங்கலரே.

காடே வந்து சாட்சி சொன்னாலும் நம்ப மாட்டாளாம். அவர் பொய் சொல்பவர் இல்லை, அவர் வரவில்லை, ஆகவே கார் வரவில்லை. கணக்கு முடிந்தது.

குறுந்தொகை 66-இல் தோழி பேசுகிறாள். "மடவ மன்ற, தடவுநிலைக் கொன்றை." இந்தக் கொன்றைகள் மடத்தனமானவை. பருவம் வரும் முன்பே, இடையில் பெய்த வம்ப மாரியைக் கார் என்று நினைத்துப் பூத்துத் தொலைத்துவிட்டன. வம்ப மாரி என்றால் பருவம் தப்பிய மழை.

---

மரம்பார்ப்பவன் | ஏப்ரல் 17, இரவு 9:20

ஆஹா. அப்படியானால் தோழி சொல்வது பொய்யா, உண்மையா? உரைகாரர்கள் ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்றுதானே எழுதுகிறார்கள்? நான் மரத்தின் பக்கம் நின்று சொல்கிறேன்: தோழி சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். கொன்றை நம்பகமான சாட்சி இல்லை. கோடையில் கொட்டும், அப்புறம் மழை பெய்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரும்பவும் கொத்து விடும். ஒரு மரம் பூத்திருக்கும், பக்கத்து மரம் கறுப்பாக நீளக் காய்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நிற்கும். மரத்துக்கு மரம் மாறும்.

ஆவணியில் எங்கள் தெரு மரங்களை எண்ணிப் பார்த்து இங்கே எழுதுகிறேன். மொத்தம் ஒன்பது.

---

கொடிமுல்லை | ஏப்ரல் 17, இரவு 11:02

அது உண்மையா பொய்யா என்று தெரியாமல் இருப்பதில்தான் அந்தப் பாட்டு நிற்கிறது என்று தோன்றுகிறது. தோழிக்கும் தெரியாது, மரத்துக்கும் தெரியாது.

---

தனிக்குடித்தனம் | ஏப்ரல் 19, மதியம் 2:30

இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இந்த இழையில் எழுத வேண்டும்போல் இருக்கிறது.

சிவகங்கைப் பக்கம். அவர் குவைத்தில் இருக்கிறார், பதினோரு வருடம். கல்யாணம் ஆகி ஒன்பது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பு. இந்த முறை ஆவணியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். என் கடிகாரம் பூ இல்லை, விமான டிக்கெட். பள்ளிக்கூடம் திறந்து, முதல் தேர்வு முடிவதற்குள் வந்துவிடுவார் என்று பையன் ஒரு கணக்கு வைத்திருக்கிறான்.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி. இந்த மாதிரி பணத்துக்காகப் போனவர்களைப் பற்றி அந்தக் காலத்துப் பெண்கள் திட்டிப் பாடவே இல்லையா? எல்லாரும் பொறுமையாகவே இருந்தார்களா?

---

பழைய வாத்தியார் | ஏப்ரல் 19, மாலை 6:40

திட்டியிருக்கிறார்கள் அம்மா. அதுவும் ஒரு பெண் புலவரே. ஒக்கூர் மாசாத்தியார். ஒக்கூர் உங்கள் சிவகங்கை மாவட்டத்து ஒக்கூர்தான் என்று சொல்வார்கள். குறுந்தொகை 126:

இளமை பாரார் வளம்நசைஇச் சென்றோர்
இவணும் வாரார், எவணரோ? என,
பெயல்புறந் தந்த பூங்கொடி முல்லைத்
தொகுமுகை இலங்குஎயி றாக
நகுமே தோழி! நறுந்தண் காரே.

இளமை போய்க்கொண்டிருப்பதைப் பார்க்காமல் பணத்தை விரும்பிப் போனவர் இங்கேயும் வரவில்லை, எங்கேதான் இருக்கிறாரோ என்று மழைக்காலம் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. முல்லை மொட்டுகள்தான் அதன் பற்கள். பல்லைக் காட்டிச் சிரிக்கிறது கார்காலம். இதில் 'மென்மையான ஏக்கம்' எங்கே இருக்கிறது? எனக்குக் கேட்பது எரிச்சல்தான்.

---

தனிக்குடித்தனம் | ஏப்ரல் 19, இரவு 10:15

"இளமை பாரார்." போதும் ஐயா, இதை எழுதி பிரிட்ஜில் ஒட்டிக்கொள்கிறேன்.

---

வடமராட்சி | ஏப்ரல் 22, காலை 7:20

எனக்கு இப்போது ரொறன்ரோ. அம்மம்மாவின் வளவில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகைப் பந்தல் எல்லாம் இருந்தன. வேலியோரத்தில் யாரும் நடாமல் தானாக ஏறுவது கார்த்திகைப்பூ. ஆண்டு முழுதும் கிழங்காக மண்ணுக்குள் கிடக்கும். மழை விழுந்தால் கொடி வரும், கார்த்திகை மாதம் பூக்கும். அந்த மாதமும் அந்தப் பூவும் எங்களுக்கு என்ன என்பதை நான் இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு தொட்டியில் மல்லிகை வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் பூக்கும். உறைபனிக்கு முன்னம் உள்ளே எடுத்துவிட வேண்டும். உள்ளே வந்த மல்லிகை இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். கொடிமுல்லை சொன்ன கடிகாரம் இங்கே வேறு மாதிரி ஓடுகிறது: இங்கே மல்லிகை மலர்ந்தால் ஊரில் கச்சான் காற்று நேரம், ஊரில் கார்த்திகைப்பூ பூத்தால் இங்கே முதல் பனி. என் மகளுக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும்.

---

கண்வலிக்காரன் | ஏப்ரல் 23, இரவு 8:00

கார்த்திகைப்பூ, செங்காந்தள் என்று நீங்கள் சொல்வதை எங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்போம். தோட்டமாகவே போட்டிருக்கிறேன். விதைக்காக. விதையில் மருந்துச்சரக்கு இருக்கிறது, கிழங்கு கொடிய விஷம், ஆட்டுக்குட்டி பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டின் மாநில மலர் என்று படம் போடுகிறார்கள், யாரும் பூவைக் கிட்டத்தில் பார்ப்பதில்லை. அவிழும்போது பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் மேலே சிவப்பு ஏறும், கடைசியில் அடிவரை முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் நிற்கும். எந்தப் பூவுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று தள்ளி நின்றே சொல்லலாம்.

இன்னொரு அதிசயம். மகரந்தக் கம்பிகள் சுற்றிலும் விரிந்திருக்கும், சூல்தண்டு மட்டும் நேராக நிற்காமல் செங்கோணத்தில் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்ளும். ஒரே பூவுக்குள் இருந்தாலும் ஒன்றுக்கொன்று தொடாது. அதனால் விதை பிடிக்கக் காலையில் ஆள் விட்டு, ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டு மகரந்தம் வைக்கிறோம். கூலி அதில்தான் போகிறது. உங்கள் பிரிவுப் பாட்டுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

நார்க்கட்டு | ஏப்ரல் 23, இரவு 10:10

சூல்தண்டு ஒதுங்கிக்கொள்ளும் கதை பிரமாதம் அண்ணே. கல்யாணத் தரகர் வேலையும் பார்க்கிறீர்கள்.

---

இழை நடத்துநர் | ஏப்ரல் 24, காலை 9:00

விதை என்ன விலை, கிழங்கு எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அந்தப் பதிவுகளை விவசாயப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பூ பற்றி மட்டும் பேசலாம்.

---

மலைப்பாதை | ஏப்ரல் 26, மாலை 5:30

காலத்தைப் பற்றிய பேச்சில் குறிஞ்சி இன்னும் வரவில்லையே!

கொடைக்கானலில் வேலை. நீலக்குறிஞ்சியின் கணக்கு 12 வருடம். 1994, 2006, 2018. அடுத்தது 2030. இடையில் ஒவ்வொரு வருடமும் யாராவது 'குறிஞ்சி பூத்துவிட்டது' என்று செய்தி போடுவார்கள். அது பொய்யில்லை, குறிஞ்சியில் பல இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. நீலக்குறிஞ்சியின் கணக்குத்தான் நான் சொன்ன 12 வருடம். எங்கள் மலையில் பளியர்கள் அந்தப் பூவை வைத்து வயதைச் சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால் எனக்கு மூன்று குறிஞ்சி முடிந்து நாலாவது நடக்கிறது.

பலருக்குத் தெரியாதது: பூத்த செடி செத்துவிடும். 12 வருடம் இலையாகவே நின்று, ஒரே ஒருமுறை பூத்து, விதை கொட்டிவிட்டுக் காய்ந்துபோகும். 2018-இல் நான் பார்த்த செடி எதுவும் 2030-இல் இருக்காது. அது அதன் பிள்ளைகள். 'குறிஞ்சி மறுபடி வரும்' என்று சொல்கிறோம், மறுபடி வருவது அது இல்லை.

2018-இல் மூணாறு பக்கம் போகலாம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம், சாலையெல்லாம் போனது. சரி அடுத்த முறை என்றேன். அப்பாவுக்கு அப்போது 74. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். 'அடுத்த முறை' என்றால் என்ன என்று வாயை விட்டபிறகுதான் எனக்குக் கணக்கு புரிந்தது.

---

மரம்பார்ப்பவன் | ஏப்ரல் 26, இரவு 9:15

அப்பா இருக்கிறாரா?

---

மலைப்பாதை | ஏப்ரல் 26, இரவு 9:40

இருக்கிறார். கோயில் பக்கம் வேறு இனக் குறிஞ்சி ஒன்று பூத்தபோது கூட்டிப்போய்க் காட்டினேன். "இது அது இல்லையே" என்றார். ஏமாற்ற முடியவில்லை.

---

பழைய வாத்தியார் | ஏப்ரல் 27, காலை 6:00

தேவகுலத்தாரின் 'நிலத்தினும் பெரிதே' பாட்டு (குறுந்தொகை 3) எல்லாருக்கும் மனப்பாடம். "கருங்கோற் குறிஞ்சிப்பூக் கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே." மண்ணைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழம் என்று அளந்துகொண்டே வந்து கடைசியில் குறிஞ்சித் தேனில் முடிக்கிறார். இடத்தை அளந்தாயிற்று, காலத்தை அளக்க ஒரு பூ. நீலக்குறிஞ்சியைத்தான் சொன்னார் என்றால் அந்தத் தேன் 12 வருடத்துத் தேன். இது என் ஊகம், உரையில் தேட வேண்டாம்.

---

அந்திமந்தாரை | மே 3, மாலை 4:10

நாகர்கோவில். என் பெயரில் இருக்கும் பூவை எங்கள் பக்கம் நாலுமணிப்பூ என்போம், சாயங்காலம் நாலுக்கு விரியும். தொட்டிகளில் வைக்கிறார்களே பத்துமணிப்பூ, அது காலை பத்துக்கு. பள்ளிக்கூட நாளில் நாலுமணிப்பூ விரிந்தால் மணி அடிக்கப் போகிறது என்று பையைக் கட்டுவோம். ஏக்கம் என்றால் அதுதான் ஏக்கம்.

---

கொடிமுல்லை | மே 9, இரவு 11:50

இந்த இழையை ஏன் தொடங்கினேன் என்று இப்போது சொல்கிறேன்.

அப்பா போன ஐப்பசியில் தவறினார். எங்கள் தெருவில் ஒரு பூக்காரம்மா பல வருடமாக வாடிக்கை. சாயங்காலம் ஐந்தரைக்கு கேட்டில் ஒரு கொக்கியில் இரண்டு முழம் மாட்டிவிட்டுப் போவார். மாசக் கடைசியில் கணக்கு. அப்பா போன சமயம் அவர் மகள் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தவருக்கு விஷயம் தெரியாது. ஐந்தரைக்கு வந்தார், மாட்டினார், போய்விட்டார்.

அம்மா கேட்டுக்குப் போய் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். தலைக்குக் கொண்டுபோகிற கை பாதி வழி போய் நின்றதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்புறம் படத்துக்குப் போட்டார்.

புறநானூறு 242-ஐப் பள்ளியில் படித்திருக்கிறேன். சாத்தன் என்ற வீரன் இறந்த பிறகு, "முல்லையும் பூத்தியோ, ஒல்லையூர் நாட்டே?" என்று குடவாயிற் கீரத்தனார் கேட்கிறார். இளையவர் சூடமாட்டார், வளையல் அணிந்தவர் பறிக்கமாட்டார், பாணன் சூடமாட்டான், பாடினி அணியமாட்டாள், நீ யாருக்காகப் பூத்தாய்? பரீட்சைக்கு 'கையறுநிலைத் துறை' என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். கேட்டருகே அம்மா நின்ற அன்றுதான் அது பூவைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்று புரிந்தது. கோபத்தோடு கேட்டது. கடிகாரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற கோபம்.

மறுநாள் பூக்காரம்மாவிடம் சொல்லப் போனேன். அம்மா தடுத்துவிட்டார். "நிறுத்தச் சொல்லாதே. ஒரு முழமாக்கச் சொல்லு" என்றார்.

---

நார்க்கட்டு | மே 10, காலை 5:10

மார்க்கெட்டில் நின்றுகொண்டு படித்தேன். வேறொன்றும் எழுதத் தெரியவில்லை.

---

வடமராட்சி | மே 10, காலை 8:30

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். அந்த ஒரு முழத்தையும் அவரே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. என் அம்மம்மா வைத்துக்கொண்டார். ஊர் கதைத்தது, அவர் காது கொடுக்கவில்லை.

---

கொடிமுல்லை | மே 10, இரவு 9:00

நானும் சொல்லிப் பார்த்தேன். "பார்க்கலாம்" என்றார். அம்மா 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்றும் அர்த்தம், ஆமாம் என்றும் அர்த்தம்.

---

பழைய வாத்தியார் | மே 12, மாலை 5:00

பேச்சை மாற்ற ஒரு பாட்டு. தனிக்குடித்தனம் அம்மாவுக்கு. குறுந்தொகை 98. தலைவி தோழியிடம் ஓர் உதவி கேட்கிறாள். நம் தோட்டத்துப் புதரில் மழைக்குச் செழித்திருக்கும் பீர்க்கம்பூவில் சிலவற்றைப் பறித்துக்கொண்டு அவரிடம் போய், "உன் ஆள் இந்த நிறமாகிவிட்டாள்" என்று சொல்ல யாராவது கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பிரிவால் மேனியில் படரும் பசலையின் மஞ்சளை வாயால் விளக்க முடியாது, பூவையே அனுப்பு என்கிறாள். பீர்க்கம்பூ விரிவதும் சாயங்காலம்தான், கவனித்தீர்களா?

---

தனிக்குடித்தனம் | மே 12, இரவு 10:30

ஐயா, அது வாட்ஸ்அப் படம்தான். நான் தினமும் அனுப்புகிறேன். பூ இல்லை, பையனின் பல் விழுந்தது, மோட்டார் ரிப்பேர், வாசல் கோலம். அவர் கட்டைவிரல் போடுவார்.

---

மரம்பார்ப்பவன் | ஆகஸ்ட் 27, மாலை 6:45

வாக்குத் தவறாமல் எண்ணிவிட்டேன். ஆவணி 11. ஒன்பது மரம். ஏழில் பச்சைக் காய்கள் நீண்டு தொங்குகின்றன, பூவே இல்லை. ஒன்றில் உச்சியில் ஒரே ஒரு கொத்து. ஒன்பதாவது மரம், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருப்பது, போன வாரம் இரண்டு நாள் பெய்த மழைக்கு நன்றாகவே பூத்திருக்கிறது. மடவ மன்ற!

ஆக, வாத்தியாரும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை.

---

பழைய வாத்தியார் | ஆகஸ்ட் 27, இரவு 8:00

தோழி ஜெயித்துவிட்டாள்.

---

கொடிமுல்லை | ஆகஸ்ட் 28, காலை 9:30

தனிக்குடித்தனம், ஆவணி வந்துவிட்டதே. வந்துவிட்டாரா?

---

தனிக்குடித்தனம் | செப்டம்பர் 2, இரவு 10:55

இல்லை. பதிலாள் வரவில்லை என்று விடுப்பைத் தள்ளிவிட்டார்கள். கார்த்திகைக்கு மாறியிருக்கிறது.

எங்கள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கொன்றை இருக்கிறது. மரம்பார்ப்பவன் எழுதியதைப் படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன், இரண்டு கொத்து பூத்திருந்தது. படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பாட்டு எதுவும் சொல்லவில்லை, இந்த இழையைப் பற்றியும் அவருக்குத் தெரியாது. படம் மட்டும்.

கட்டைவிரல் போடுவார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் 'தட்டச்சு செய்கிறார்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் வந்தது: "அது சித்திரையில்ல பூக்கும்? இது ஏதோ சீசன் தப்பிப் பூத்திருக்கு."